களவு அல்ல, பசி

மட்டக்களப்பில் பெற்றோரின் வீடு பெரும்பாலும் மகளுக்கே சீதனமாகப் போவதால், அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடுள்ள மகன் தாய்க்கு வயதேறியபின் அக்காவின் குடும்பத்தை அண்டியே வாழ நேர்கிறது. அப்படி வாழும் முப்பது வயதை நெருங்கிய ஒருவரை, அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன், அவருடைய மச்சான் என்னிடம் அழைத்துவந்தார். இரவில் குசினிக்குள் புகுந்து சோற்றைக் களவெடுக்கிறார், தடுத்தால் அடிக்கிறார் என்பது முறைப்பாடு. அதற்குள் தண்ணீர் ஓதிக் கொடுத்து, நூலும் கட்டிப் பார்த்திருந்தார்கள்.

கைக்குழந்தையாக இருந்தபோது பால் உறிஞ்சவும் வலுவின்றித் துவண்டு கிடந்தார் என்று தாய் சொன்னதும், அவருடைய சிறிய கைகளும், தோலைக் கிள்ளிக் கிள்ளி ஆறாமற்போன புண்களும் எனக்குப் பிராடர்-வில்லி நோய்க்குறியை நினைவூட்டின. பின்னர் மரபணுப் பரிசோதனையும் அதையே உறுதிசெய்தது. 1956 இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் விவரித்த இந்நிலையில், 15 ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) தந்தைவழிப் பிரதியில் மட்டும் இயங்கவேண்டிய சில மரபணுக்கள் இல்லாமலோ இயங்காமலோ போகின்றன. இது பெரும்பாலும் தற்செயலாக நேர்வது. தாயைக் குறைசொல்லும் உறவினருக்கு இதை நான் இரண்டு தடவை சொல்வதுண்டு. வயிறு நிறைந்ததை மூளையில் பசியைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலமஸ் என்ற பகுதி உணர்வதில்லை என்பதால், சாப்பிட்டு எழுந்தவருக்கும் பசி அப்படியே இருக்கிறது. அதைக் களவு என்று அடித்துத் திருத்த முடியாது.

இவர்களைக் கலங்கடிப்பது பசியைவிட நிச்சயமின்மைதான் என்பது என் அனுபவம். அடுத்த சாப்பாடு எத்தனை மணிக்கு, என்ன கறி, எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரிந்து, அது மாறாமலும் இருந்தால், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதும் கோபவெடிப்பும் குறைகின்றன. குசினியைப் பூட்டுவது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் பூட்டியிருக்கும்போதுதான் மனம் ஆறுகிறது என்று இவர்களிற் சிலரே சொல்வார்கள். நம் ஊரில் கடினமானது பூட்டு அல்ல, அயலவரின் அன்பு. கலியாண வீட்டிலும் கோயில் அன்னதானத்திலும் "பாவம், இன்னும் கொஞ்சம் வையுங்கோ" என்று இலையில் விழும் ஒரு அகப்பை, வீட்டில் பல நாள் சண்டையாக முடிகிறது.

நடத்தை திடீரென மாறினால், அதை "அந்த வருத்தத்தின் குணம்" என்று ஒதுக்கிவிட வேண்டாம். இளம் வயதில் இவர்களிற் சிலருக்கு மனப்பிறழ்வும் வரக்கூடும். இவர்களுக்கு வலி குறைவாகவே தெரியும், வாந்தியும் அரிது. எனவே எப்போதும் பசித்திருக்கும் ஒருவர் சோறு வேண்டாம் என்றாலோ வாந்தி எடுத்தாலோ, இரைப்பை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.