மூளையில் மிஞ்சும் ஆக்சிஜன்

கேரள எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் குறைமாதத்தில் குழந்தை பிறந்தால் பாலக்காட்டுக்கோ, வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கோ தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு (என்.ஐ.சி.யு.) வாசலில் நிற்கும் அம்மிச்சி கேட்பார்: "கால்லதான் ஒரு லைட்டு கட்டியிருக்குதே, நெத்தியில எதுக்குங்க இன்னொண்ணு?" நியாயமான கேள்வி. அதற்குத் தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

காலில் இருப்பது பல்ஸ் ஆக்சிமீட்டர். நாடித் துடிப்போடு ஏறி இறங்கும் தமனி ரத்தத்தை மட்டும் கவனித்து, அதில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனோடு இருக்கிறது என்று சொல்லும்.

நெற்றி சென்சார் அனுப்புவது அண்மை அகச்சிவப்பு ஒளி. ஏறக்குறைய 700 முதல் 900 நானோமீட்டர் அலைநீளம். இந்த ஒளியை ரத்தமும் தண்ணீரும் அதிகம் விழுங்குவதில்லை. பச்சைக் குழந்தையின் மண்டையோடும் மெல்லியது. அதனால் ஒளி உள்ளே போய், மூளையில் சிதறி, ஒரு பகுதி திரும்பி வருகிறது. ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின், ஆக்சிஜன் ஏற்றியதைவிட 760 நானோமீட்டர் ஒளியை அதிகம் உறிஞ்சும். 800-ஐத் தாண்டினால் ஆக்சிஜன் ஏற்றியதுதான் அதிகம் உறிஞ்சும். திரும்பிய ஒளியை ஒப்பிட்டால் இரண்டும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று தெரிந்துவிடும். பல கருவிகளில் ஒளி வாங்கிகள் இரண்டு உண்டு. கிட்டே உள்ளது தோலையும் எலும்பையும் அதிகம் பார்க்கும், தள்ளி உள்ளது ஆழத்தையும் சேர்த்துப் பார்க்கும். தள்ளி உள்ளதன் கணக்கிலிருந்து கிட்டே உள்ளதைக் கழித்தால் மூளையின் கணக்கு வரும். ஒளியால் இப்படி மூளைக்குள் பார்க்கலாம் என்று 1977இல் காட்டியவர் ஃபிரான்ஸ் யோப்சிஸ் என்ற விஞ்ஞானி.

இந்த நெற்றிக் கருவி நாடிக்காகக் காத்திருப்பதில்லை. அது பார்க்கும் ரத்தத்தில் சுமார் முக்கால் பங்கு, மூளை எடுத்துக்கொண்டது போகத் திரும்பும் சிரை ரத்தம். மூலத்தறை அணையில் திறந்துவிட்ட தண்ணீர் ஒரு கணக்கு, வயல்கள் குடித்தபின் கடைமடையில் மிஞ்சுவது இன்னொரு கணக்கு அல்லவா? காலில் 95, நெற்றியில் 70 என்றால், வந்ததில் நாலில் ஒரு பங்கை மூளை எடுத்துக்கொள்கிறது. நெற்றியில் 50 ஆகிவிட்டால், கிட்டத்தட்ட பாதியை இழுக்கிறது. காலில் அதே 95தான் இருக்கும்!

ஏன் இப்படி ஆகிறது? ரத்த அழுத்தம் குறைந்திருக்கலாம், ரத்தசோகை இருக்கலாம். வென்டிலேட்டர் வேகமாக ஓடி கார்பன் டைஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறினாலும் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும். அப்போது வெறும் ஆக்சிஜனைக் கூட்டினால் போதாது, வென்டிலேட்டரைத்தான் திருத்த வேண்டும். குறைமாதக் குழந்தைகளில் நெற்றி எண் பொதுவாக 55 முதல் 85 வரை இருக்கப் பார்க்கிறார்கள். 85-ஐத் தாண்டினால் சந்தோஷப்படவும் முடியாது. பிறக்கும்போது மூச்சுத்திணறிய குழந்தையின் மூளை, ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளவே முடியாத நிலையில் இருக்கலாம்.

கருவி இருந்தாலே குழந்தை பிழைத்துவிடும் என்று சொல்லிவிட முடியாது. 1,601 மிகக் குறைமாதக் குழந்தைகளை வைத்து நடந்த சேஃப்பூஸ்சி-3 ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. முதல் மூன்று நாள் இந்தக் கண்காணிப்பில் வைத்து சிகிச்சை தந்தும் மரணமோ கடுமையான மூளைப் பாதிப்போ குறையவில்லை. எனக்கு வருத்தம்தான், ஆனாலும் பெற்றோருக்கு இதையும் சொல்லியே ஆக வேண்டும்.

அப்புறம், அந்தப் பிஞ்சுத் தோலில் சென்சார் பட்டையை இறுக்கிக் கட்டினால் புண்ணாகும். நர்ஸ்கள் அவ்வப்போது பட்டையைத் தூக்கிப் பார்ப்பது அதற்காகத்தான். கருவிக்குக் கருவி, சென்சாருக்கு சென்சார் எண்ணும் மாறும். அதனால் பக்கத்துத் தொட்டில் குழந்தையின் எண்ணோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம். நேற்று இதே குழந்தைக்கு எவ்வளவு இருந்தது, இன்று ஏறியதா இறங்கியதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.