டெஸ்ட் போடறதுக்கு முன்னாடி டேட்டாவைப் பாருங்க

டாக்டர்களோட ஆய்வுகளுக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பார்க்கறது என் வேலை. எம்டி, எம்எஸ் தீசிஸ் நேரம் வந்தா எனக்கு வர்ற மெயில் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். எக்செல்ல ஒரு மாஸ்டர் சார்ட், கூடவே "சார் பி வேல்யூ மட்டும் போட்டுக் குடுங்க, கைடு வெள்ளிக்கிழமை கேக்கறாங்க"ன்னு ஒரு வரி. (பி வேல்யூன்னா, உண்மைல வித்தியாசமே இல்லன்னாலும் தற்செயலாவே இந்த அளவுக்கோ இன்னும் அதிகமாவோ வித்தியாசம் வர்றதுக்கான வாய்ப்பு.) பதினஞ்சு வருஷமா இந்த வேலைல இருக்கேன், இன்னமும் அந்த வரியைப் பார்த்தா வருத்தமாத்தான் இருக்கு, ஏன்னா வார்டு வார்டா அலைஞ்சு சேர்த்த டேட்டாவை அவங்க ஒரு தடவை கூட நிதானமா உக்காந்து பார்த்திருக்க மாட்டாங்க.

ஒரு ஷீட்ல சராசரி வயசு 92.7னு வந்துச்சு. மொத்தம் 100 பேஷண்ட், அதுல 5 பேரோட வயசு கிடைக்கலன்னு அந்த இடத்துல 999 போட்டு வச்சிருந்தாங்க. அந்த அஞ்சை எடுத்ததும் சராசரி 45. வயசுங்கறதால கண்ணுல பட்டுச்சு, இதே 999 சுகர் வேல்யூல இருந்திருந்தா யாருக்குமே சந்தேகம் வந்திருக்காது, ரெண்டு குரூப்போட சராசரியை ஒப்பிடற டி டெஸ்ட்டும் ஒழுங்கா ஓடி ஒரு பி வேல்யூ குடுத்திருக்கும்.

இன்னொண்ணு இதைவிட ஆபத்து. கிட்னி ஸ்டோன் பத்தி 1986ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்த டேட்டா இருக்கு, நான் கிளாஸ் எடுத்தா முதல்ல இதைத்தான் போர்டுல எழுதுவேன். ஓப்பன் சர்ஜரி பண்ண 350 பேர்ல 273 பேருக்கு சக்சஸ், அதாவது 78%. முதுகுப் பக்கம் சின்னதா துளை போட்டு எடுக்கற முறைல 350க்கு 289, 83%. அப்போ துளை போடறதுதானே பெஸ்ட்? இப்போ கல்லோட சைஸை வச்சு பிரிங்க. சின்ன கல்லுல ஓப்பன் 87க்கு 81, அதாவது 93%, துளை முறை 270க்கு 234, 87%. பெரிய கல்லுல ஓப்பன் 263க்கு 192, 73%, துளை முறை 80க்கு 55, 69%. ரெண்டுலயும் ஓப்பன்தான் மேல! பெரிய கல்லு, கஷ்டமான கேஸ் எல்லாம் அதிகமா ஓப்பனுக்குப் போயிருக்கு, அதனால மொத்தமா கூட்டினதும் அது தோத்த மாதிரி தெரியுது. இதுக்கு சிம்ப்சன் முரண்னு பேரு. அதுக்காக ஓப்பன்தான் நல்லதுன்னும் உடனே முடிவு கட்டிடக் கூடாது, பேஷண்ட்டை ரேண்டமா பிரிச்சு பண்ண ஆய்வு இல்ல இது. ஆனா கல்லு சைஸை எழுதி வைக்காம விட்டிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது, எந்த சாஃப்ட்வேராலயும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அப்புறம் இருக்கற எல்லாத்தையும் எல்லாத்தோடயும் டெஸ்ட் போடறது. உண்மைல எந்த சம்பந்தமும் இல்லாத, ஒண்ணையொண்ணு சாராத 20 டெஸ்ட் போட்டா ஒண்ணோட பி வேல்யூவாவது 0.05க்குக் கீழ, அதாவது நிஜமான சம்பந்தம்னு வழக்கமா எடுத்துக்கற எல்லைக்குக் கீழ, வர்றதுக்கு 64% வாய்ப்பு. அந்த ஒண்ணை மட்டும் எடுத்து தீசிஸ்ல எழுதறது தப்புங்க, அதை நம்பி நாளைக்கு ஒருத்தருக்கு மருந்து எழுதுவாங்க.

கத்துக்க ஆசைப்படறவங்க ஃபார்முலாலேர்ந்து ஆரம்பிக்க வேண்டாம். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போடற ஆர் (R) சாஃப்ட்வேர் இலவசம், அதுலயே ஆன்ஸ்கோம்ங்கற ஸ்டாட்டிஸ்டிஷியன் 1973ல உருவாக்கின நாலு டேட்டா செட் இருக்கு. நாலுக்கும் சராசரி ஒண்ணு, ரெண்டு அளவும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குதுன்னு காட்டற கோரிலேஷனும் 0.82 கிட்ட ஒண்ணுதான், படமா போட்டுப் பாருங்க, ஒண்ணு நேரா போகும், ஒண்ணு வளைஞ்சு போகும், இன்னும் ரெண்டுல ஒத்தைப் புள்ளி மொத்தத்தையும் இழுத்துட்டுப் போயிருக்கும்.

இந்த வருஷம் ஒரு சர்ஜரி பிஜி ஸ்டூடண்ட், டேட்டா சேர்க்கறதுக்கு முன்னாடி ஆய்வுத் திட்டம் (ப்ரோட்டோகால்) எழுதும்போதே வந்துட்டாங்க. கிட்னி ஸ்டோன் கணக்கை அவங்களையே பேப்பர்ல போடச் சொன்னேன். முடிச்சுட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க, அப்புறம் "சார், என் பேஷண்ட் அட்மிட் ஆகும்போது நோய் எவ்வளவு முத்தியிருக்குன்னும் எழுதிக்கணும் இல்ல?"ன்னு கேட்டாங்க. அன்னிக்கே ஃபார்ம்ல சேர்த்துட்டோம்.