சிவப்புக் கள்ளியின் உயிர் எங்கே இருக்கிறது?

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். நாற்றுமேடையில் ஆசைப்பட்டு வாங்கிய சிவப்புத் தலைக் கள்ளி, மாரி மழை பிடித்ததும் அடிப்பக்கம் அழுகிச் சரிந்துவிட்டதாம். “முட்செடி வீட்டுக்கு ஆகாது, அதுதான்” என்கிறாராம் மாமியார். உண்மையில் என்ன நடந்தது என்று கேட்கிறார்.

அந்தச் சாடியில் இருந்தவை இரண்டு செடிகள். மேலே இருந்த சிவப்பு உருண்டை ஜிம்னோகலீசியம் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. ஆர்ஜென்டினா, உருகுவே, பராகுவே, பொலிவியா, தென் பிரேசில் பகுதிகளில் தரையோடு தரையாக வளரும் சின்னக் கள்ளிகள் இவை. பூமொட்டில் முள்ளோ மயிரோ இராது. வழுவழுப்பான செதில்கள் மட்டுமே இருக்கும். ஆர்ஜென்டினாவின் கோர்டோபா மலைகளில் வளரும் ‘புரூக்கியை’ என்ற இனம் சில சென்ரிமீற்றர் உயரத்தோடு நின்றுவிடும். ‘சக்லியோனிஸ்’ என்ற இனம் 30 சென்ரிமீற்றர் அகலம் வரை பருக்கும். பல இனங்கள் புல், புதர் நிழலில் வாழ்ந்து பழகியவை. கள்ளிதானே என்று கச்சான் காலத்து வெயிலில் வைத்தால் கருகிவிடும்.

1941இல் ஜப்பானில் எய்ஜி வத்தனபே என்பவர், ‘மிஹானோவிச்சியை’ என்ற ஜிம்னோகலீசிய இனத்தின் நாற்றுகளுக்கிடையே பச்சையமே இல்லாத சிவப்பு நாற்றுகளைக் கண்டார். பீற்றூட்டுக்கும் போகன்வில்லாவுக்கும் நிறம் கொடுக்கும் பீற்றலைன் நிறப்பொருள்கள்தான் அந்தச் சிவப்புக்கும் காரணம். பச்சையம் இல்லையென்றால் ஒளித்தொகுப்பு இல்லை. விதையிலுள்ள சேமிப்புத் தீர்ந்ததும் நாற்றுச் சாகும். அதைத் தப்பவைத்தது ஒட்டுதான். இன்று கடைகளில் இந்த உருண்டையைத் தாங்கி நிற்கும் முக்கோணப் பச்சைத் தண்டு, பெரும்பாலும் டிராகன் பழக் கொடியின் துண்டு.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத இடம். டிராகன் தண்டைக் கூரிய கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். ஈரச் சதையின் நடுவில் வெளிறிய சிறு வளையம் ஒன்று தெரியும். நீரை ஏற்றும் காழும் உணவைக் கடத்தும் உரியமும், அவற்றுக்கிடையே பிரிந்து பெருகும் மாறிழையமும் அந்த வளையத்தில்தான் இருக்கின்றன. உருண்டையின் அடியை வெட்டினாலும் அதே வளையம். இரண்டு வளையங்களும் ஓரிடத்திலாவது ஒன்றன்மேல் ஒன்று படும்படி வைத்து, இறப்பர் பட்டியால் இறுக்கிவிட வேண்டும். வெட்டிய பரப்பிலுள்ள கலங்கள் இறந்து மெல்லிய படலமாகின்றன. அதன் கீழ் உயிரோடிருக்கும் கலங்கள், காயத்தை ஆற்றுவதற்காக வேகமாகப் பிரிகின்றன. இரு பக்கத்திலிருந்தும் வளரும் இளங்கலங்கள் அந்தப் படலத்தை ஊடுருவி ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. ஒன்றின் சுவருக்கும் மற்றொன்றின் சுவருக்கும் இடையே நுண்ணிய துளைவழிகள் திறக்கின்றன. பிறகு ஒட்சின் என்ற ஓமோனின் தூண்டுதலால், புதிதாய்ப் பிறந்த அந்தக் கலங்களில் சில காழாகவும் சில உரியமாகவும் மாறி, அறுந்த குழாய்களை இணைக்கின்றன. அன்றிலிருந்து பச்சைத் தண்டு தயாரிக்கும் சீனியை உண்டுதான் சிவப்பு உருண்டை வளர்கிறது. வேற்று உடலின் உறுப்பை நம் உடல் எதிர்ப்பதுபோல் தாவரம் எதிர்ப்பதில்லை. நெருங்கிய உறவாக இருந்தால் ஏற்றுக்கொள்கிறது. பேரினம் வேறானாலும் இரண்டும் கள்ளிக் குடும்பம் அல்லவா!

உயர்தர மாணவர்கள் காழையும் உரியத்தையும் படமாக வரைந்து மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு கத்தியும் ஒரு துண்டு டிராகன் தண்டும் போதும், அதைக் கண்ணால் காண. இந்தச் சிறு செலவுக்குக்கூடப் பள்ளிக்கூடங்களில் பணம் ஒதுக்கப்படாதது எனக்கு ஆறாத கோபம்.

வாசகியின் செடிக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாடியில் நீர் தேங்கினால் வேருக்குக் காற்றுக் கிடையாது. பூஞ்சணம் புகுந்து தண்டு அழுகும். தண்டு போனால் உருண்டைக்குச் சோறு போடுவார் இல்லை. இதில் முள்ளின் குற்றம் எங்கே இருக்கிறது? கடற்கரை மணலில் பூத்துக் காய்க்கும் நாகதாளியும் இதே குடும்பம்தான். அதன் பக்கத்திலும் மக்கள் தலைமுறை தலைமுறையாக நன்றாகத்தான் வாழ்கிறார்கள். ‘ஆகாது’ என்ற ஒற்றைச் சொல்லோடு விசாரணையை முடித்துக்கொண்டால் அடுத்த செடியும் இப்படியே போகும்.

அடுத்த முறை தண்டு அழுகத் தொடங்கினால் உருண்டையைத் தொட்டுப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் உடனே வெட்டி எடுத்து, அடியில் பழுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லாத வரை சீவுங்கள். அயலில் டிராகன் கொடி வைத்திருப்பவரிடம் ஒரு துண்டு கேட்டு வாங்கி, வேர் பிடித்ததும் ஒட்டுங்கள். அதுவரை உருண்டை காத்திருக்காது என்பதால், மழைக்கு முன்பே ஒரு தண்டை வேர்விட வைத்திருப்பது நல்லது.