பகா எண்ணா, முதன்மை எண்ணா?

பெரிய எண்களின் பண்புகளைத் தமிழில் தரும் மொழிபெயர்ப்புகளில் ‘முதன்மைக் காரணிகள்’ ஓயாமல் கண்ணில் படுகிறது. 4294967297-இன் முதன்மைக் காரணிகள் 641, 6700417 என்று எழுதினால், மற்ற சில்லறைக் காரணிகள் எவை என்றுதான் படிப்பவர் தேடுவார். சொல்ல வந்ததோ வேறு: இவ்விரண்டையும் இதற்கு மேல் பகுக்க முடியாது.

அதற்குத்தான் ‘பகா’ இருக்கிறது. பகு என்னும் வினையிலிருந்து வந்த ‘பகாத’ என்பதன் ஈறு கெட்ட வடிவம். 1-ஐவிடப் பெரியதாய், 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் முழு எண் பகா எண். நன்னூல் பகுபதம், பகாப்பதம் என்று பிரித்த அதே பாங்கு.

கிரேக்கத்தில் இவற்றுக்கு ‘முதலாவது’ என்ற பொருளில்தான் பெயர், இலத்தீனும் அதையே எடுத்தது, ஆகவே முதன்மை என்பது எதிர்வாதம். இலங்கைப் பாடநூல்களில் அதுவே வழக்கு. அங்கே படித்தவருக்குக் குழப்பமில்லை. ஆனால் தமிழ்நாட்டுக் காதுக்கு முதன்மை என்றால் முதன்மைத் தேர்வு, முதன்மைச் செயலாளர். பதவி தெரிகிறது, பகுபடாமை தெரியவில்லை. எதிர்ச்சொல் வேண்டுமென்றால் ‘சேர்த்தி எண்’ என்று வேறு வேருக்குத் தாவ வேண்டும். பகாவுக்கு அந்தச் சிக்கலே இல்லை: பகு எண், சார்பகா எண்கள் (1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவை), பகாக் காரணிப்படுத்தல் எல்லாம் ஒரே வேரில் கிளைக்கின்றன. எந்திர மொழிபெயர்ப்பு தரும் ‘பிரதம எண்’ணை அமைச்சரவைக்கே அனுப்பிவிடலாம்.

மேலே சொன்ன எண்ணையே பகுத்துப் பாருங்கள். அது 2-இன் 32-ஆம் அடுக்குடன் 1 கூட்டியது. 32-ஐப் போல அடுக்கே 2-இன் அடுக்காக அமையும் இந்த வகை எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று கணித மேதை பெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் இந்த எண்ணை உடைத்துக் காட்டினார். இதற்குப் பகாக் காரணி இருந்தால், அதை 64-ஆல் வகுக்க 1 மீதி வர வேண்டும். 65, 129, 193, 257, 321 என்று போகும் வரிசையில் பகு எண்களைத் தள்ளினால் சோதிக்க வேண்டியவை 193, 257, 449, 577, 641. முதல் நான்கும் மீதி வைக்கும். 641 மீதியின்றி வகுக்கும். ஈவு 6700417. அதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டுவதால், அதே வரிசையில் 2588 வரை பார்த்தால் போதும், எதுவும் வகுக்காது. ஆக மொத்தக் காரணிகள் நான்குதான்: 1, 641, 6700417, அந்த எண். நடுவில் உள்ள இரண்டும் பகா எண்கள். இதில் எது முதன்மை, எது துணை?

‘பகா’வுக்கும் ஒரு குறை உண்டு. 1-உம் பகுபடாததுதானே என்று மாணவர் கேட்பார். 1 பகுவும் அல்ல, பகாவும் அல்ல என்பதை வரையறையில்தான் சொல்ல வேண்டும், பெயர் சொல்லாது. முதன்மை என்று வைத்தாலும் இதே கேள்வி வரும், இன்னும் வலுவாக: எண்ணத் தொடங்குவதே 1-இல்தானே?

இன்னொன்று: ‘பகா காரணி’ என்று ‘க்’ என்னும் ஒற்றை விழுங்கி எழுதுகிறார்கள். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகும். அழியாப் புகழ் போலப் பகாக் காரணி.