அடக்கிய கோபம் கட்டியாகுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பக்கம் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தால், ஆடிக் கூழ் ஊற்றும் இடத்தில் ஒரு பேச்சு வரும்: "பாவம், எல்லாத்தையும் மனசுக்குள்ளேயே போட்டுப் புழுங்கினாங்க, அதான்." நோயோடு சேர்த்துப் பழியையும் சுமத்துகிற பேச்சு இது. ஆனால் வெறும் ஊர்ப்பேச்சு என்று தள்ளிவிடவும் முடியாது.

1975-இல் லண்டனில் மனநல ஆய்வாளர்களான ஸ்டீவன் கிரியர், டீனா மோரிஸ் இருவரும் மார்பகக் கட்டியோடு வந்த 160 பெண்களை ஆராய்ந்தார்கள். புற்றுநோய் உறுதியானவர்களிடம் கோபத்தை அளவு மீறி அடக்கும் பழக்கம் கூடுதலாகத் தெரிந்தது. 1979-இல் கிரியர் குழு 69 நோயாளிகளைப் பார்த்து, போராடும் குணமுள்ளவர்கள் நன்றாகத் தேறியதாக எழுதியது. அதன்பின் 1999-இல் 578 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில் அந்தப் போராட்ட குணத்துக்குப் பலன் எதுவும் தெரியவில்லை. நம்பிக்கை அறவே விட்டுப்போனவர்களுக்கு மட்டும் நிலைமை சற்று மோசமாக இருந்தது. 2002-இல் இத்தகைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்து அலசியவர்களுக்கும், சமாளிக்கும் விதம் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை.

அப்படியானால் அடக்குவதால் ஒன்றுமே ஆகாதா? ஆகும். சோகப் படம் பார்க்கும்போது முகத்தில் எதையும் காட்டாதிருக்கச் சொன்னால், முகம் சும்மா இருக்கும். உள்ளங்கை வியர்வையும் ரத்தக்குழாய்களும் வேறு கதை சொல்லும். இவர்களுக்காவது தாங்கள் அடக்குவது தெரியும். இன்னொரு வகையினர் "எனக்குப் பயமே இல்லை" என்று மனதார நம்புவார்கள். 1979-இல் அமெரிக்க உளவியலாளர் வைன்பெர்கரின் குழு அளந்தபோது, உண்மையிலேயே பதற்றம் குறைந்தவர்களைவிட இவர்களுக்கு இதயத்துடிப்பும் நெற்றித் தசை இறுக்கமும் அதிகமாக இருந்தன. பொய் சொல்லவில்லை; அவர்களுக்கே தெரியவில்லை.

உடலில் நடக்கும் இந்தக் கொந்தளிப்பு கட்டியை உண்டாக்குகிறது என்று காட்ட முடியவில்லை. சிக்கல் வேறு இடத்தில். "வலி பத்துக்கு எத்தனை?" என்று டாக்டர் கேட்கிறார். இரவு முழுக்கத் தலையணையைக் கடித்துக் கிடந்த ஆயா, பக்கத்தில் மகன் நிற்பதைப் பார்த்து "ரெண்டு" என்கிறார். மாத்திரையின் அளவு அந்த இரண்டுக்குத்தான் கிடைக்கும். இதற்காக எல்லோரையும் உட்காரவைத்து அழச் சொல்ல வேண்டியதில்லை. கீமோ (புற்றுநோய் மருந்து ஏற்றும் சிகிச்சை) நாளன்று பயத்தை ஓரங்கட்டிவிட்டுப் போய்வருவது ஒருவருக்கு உதவினால் உதவட்டும். வலியை மட்டும் மகனை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கலாம்.

நோயாளிகள் கூடி மனம்விட்டுப் பேசும் குழுக்கள் ஆயுளை நீட்டும் என்று 1989-இல் ஓர் ஆய்வு வந்தது. 2001-இல் 235 பெண்களிடம் சோதித்தபோது ஆயுள் நீளவில்லை. வலியும் மனவேதனையும் குறைந்தன, அதுவும் தொடக்கத்திலேயே அதிகம் வாடியிருந்தவர்களுக்கு.