‘அமெரிக்கர்’ என்றால் யார்?

அமெரிக்கர்: 1. ஐக்கிய அமெரிக்க நாட்டின் குடிமக்கள். 2. அமெரிக்கக் கண்டத்தவர் எல்லோரும்.

நம் செய்திகளில் புழங்குவது முதல் பொருள். மூத்தது இரண்டாவது. 2025 மே மாதம் பதினான்காம் லியோ போப்பாகத் தேர்வானபோது, ‘முதல் அமெரிக்கத் திருத்தந்தை’ என்று உலகமெங்கும் செய்தி போட்டார்கள். லியோ சிகாகோவில் பிறந்தவர். அவருக்கு முன்பிருந்த பிரான்சிஸ் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் பிறந்தவர். அப்படியானால் அர்ஜென்டினா எந்தக் கண்டத்தில் இருக்கிறது?

சொல்லின் வேர் இத்தாலியக் கடலோடி அமெரிகோ வெஸ்புச்சி. 1507-இல் மார்ட்டின் வால்ட்சேமுல்லரும் மத்தியாஸ் ரிங்மனும் ஓர் உலக வரைபடம் வெளியிட்டார்கள். ஆசியா, ஐரோப்பா ஆகியவை பெண்பாற் பெயர்கள் என்பதால், அமெரிகோவின் பெயரையும் பெண்பாலாக்கி ‘அமெரிக்கா’ என்று அச்சிட்டார்கள். எங்கே அச்சிட்டார்கள் என்பதுதான் முக்கியம்: இன்றைய தென் அமெரிக்காவின் மீது. பன்னிரண்டு தாள்களைச் சேர்த்துப் பார்க்கவேண்டிய அந்த வரைபடத்தில் எஞ்சியிருக்கும் ஒரே பிரதி இப்போது வாஷிங்டனில், காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. நூலகம் அதற்குக் கொடுத்த விலை ஒரு கோடி டாலர். வடபகுதிக்கும் அந்தப் பெயர் சேர்ந்தது 1538-இல், மெர்கேட்டர் வரைந்த படத்தில்.

ஆட்களைக் குறிக்கும்போதும் இதே கதைதான். ஆங்கிலத்தில் ‘அமெரிக்கன்’ என்பது முதலில் அந்த மண்ணின் பூர்வகுடிகளையே சுட்டியது. வந்தேறிய ஐரோப்பியரின் வழிவந்தவர்கள் பிறகு அதைத் தமக்கு எடுத்துக்கொண்டார்கள். பூர்வகுடிகள் அனைவருக்கும் ஐக்கிய அமெரிக்காவின் குடியுரிமை கிடைத்ததோ 1924-இல்தான். அவர்களை நாம் இன்னமும் ‘செவ்விந்தியர்’ என்று எழுதுவது வேதனை. ‘தொல்குடி அமெரிக்கர்’ என்பதே தகும்.

ஸ்பானிய மொழியில் ஐக்கிய அமெரிக்க நாட்டவருக்கெனத் தனிச்சொல் உண்டு: ‘எஸ்தாதோஉனிதென்சே’. லத்தீன் அமெரிக்கப் பள்ளிகளில் வடக்கும் தெற்கும் ஒரே கண்டமாகக் கற்பிக்கப்படுவதால், ‘அமெரிக்கானோ’ அவர்களுக்குத் தங்களையும் சேர்த்த சொல். ஆங்கிலத்தில் அப்படியொரு தனிச்சொல் வேரூன்றவில்லை. கனடாக்காரர்களோ தங்களை அமெரிக்கர் என்றால் முகம் சுளிப்பார்கள். ஆகவே கண்டப் பொருளை எல்லோர் மீதும் திணிக்கவும் முடியாது.

தமிழுக்கு இதில் சிக்கல் குறைவு. இலங்கைத் தமிழில் ‘ஐக்கிய அமெரிக்கா’ ஏற்கெனவே வழக்கில் உண்டு. அதிலிருந்து ‘ஐக்கிய அமெரிக்கர்’ இயல்பாகப் பிறக்கும். அன்றாடச் செய்தியில் ‘அமெரிக்கர்’ போதும். டிரம்ப்பையும் நாசாவையும் பற்றிப் படிக்கும்போது யாரும் குழம்பப்போவதில்லை. பெரு, மெக்சிகோ, பிரேசில் என்று கண்டத்தின் பிற நாடுகள் பேச்சில் வரும் இடத்தில் மட்டும் ‘ஐக்கிய’ கட்டாயம் வேண்டும். கண்டம் முழுவதையும் குறிக்க ‘அமெரிக்கக் கண்டத்தவர்’.

‘அமெரிக்கன்’ என்ற வடிவத்தைத் தவிர்ப்பது நல்லது. தமிழில் ‘-அன்’ ஆண்பால் ஈறு. ஒரு பெண்ணை அப்படி எழுதினால் உறுத்தும். அடைமொழியாகவும் அது வேண்டாம்: ‘அமெரிக்கன் தூதரகம்’ அல்ல, ‘அமெரிக்கத் தூதரகம்’.