15 வயது காருக்கு ஹெட்லைட்டால் எஃப்.சி. நின்றுபோகாமல் இருக்க

சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டுதான். அதற்கு மேல் ஓட்ட வேண்டுமானால் வண்டியை ஆர்டிஓ அலுவலகத்திலோ தானியங்கிப் பரிசோதனை நிலையத்திலோ காட்டி, தகுதி பார்த்து (இதைத்தான் எஃப்.சி. என்பார்கள்), ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 41ஆம் பிரிவு சொல்வது இவ்வளவே. அந்தப் பரிசோதனையில் பழைய கார்கள் சுலபமாக மாட்டிக்கொள்ளும் இடங்களில் ஒன்று ஹெட்லைட். “லைட் மங்கல், சரிசெய்துகொண்டு வாங்க” என்று வாய்வார்த்தையாகச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். என்ன குறை, எவ்வளவு குறை என்று சொல்லமாட்டார்கள். வண்டிக்காரர் நேராக உதிரிபாகக் கடைக்குப் போவார். கடைக்காரர் எல்இடி பல்பை எடுத்து நீட்டுவார். காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொண்டு மறுபடி போனால், இந்த முறை அந்த எல்இடிக்காகவே திருப்பி அனுப்புவார்கள். அந்த அலைச்சல் யாருக்கும் வேண்டாம்.

முதலில் தேதியைப் பாருங்கள். “ஆயுள் வரி கட்டியாச்சு, இனி ஒன்றும் இல்லை” என்று நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. ஆயுள் வரி வேறு, பதிவுக் காலம் வேறு. ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) பதிவு எந்தத் தேதி வரை செல்லும் என்று தனியாகப் போட்டிருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்தத் தேதி. அதற்கு 60 நாள் முன்பிருந்தே படிவம் 25இல் விண்ணப்பிக்கலாம். தேதி தாண்டினால் காருக்கு மாதம் 500 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். “லைட்டைச் சரிசெய்து வாங்க” என்று அவர்கள் அனுப்பிய நாட்களுக்கும் சேர்த்துத்தான் ஏறும். பதிவு முடிந்த வண்டியை ஓட்டினால் பதிவே இல்லாத வண்டியை ஓட்டியதாகக் கணக்கு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கவும் அது போதும்.

15 ஆண்டு முடிந்த காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 20 ஆண்டு தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் இதை 10,000 ஆக்கிவிட்டார்கள். பரிசோதனைக் கட்டணமும் தமிழ்நாட்டில் பசுமை வரியும் தனி. அரசின் பரிவாகன் இணையதளத்தில் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு விஷயங்களைத் தீர்த்துவிடுங்கள். ஒன்று, வண்டி மேல் நிலுவையில் நிற்கும் இ-சலான். இன்னொன்று, எப்போதோ அடைத்து முடித்த கடன் ஆர்.சி.யில் இன்னும் அடமானமாகவே நிற்பது. அதை நீக்கப் படிவம் 35உம் வங்கியின் தடையின்மைச் சான்றும் வேண்டும். இவற்றைக் கவுன்ட்டரில் நிற்கும்போதுதான் சொல்வார்கள். நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, பென்சிலில் உரசி எடுத்த சேஸிஸ் எண் அச்சு ஆகியவை கையில் இருக்கட்டும்.

சட்டம் கேட்பது என்ன

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 105, 106 இரண்டும்தான் இங்கே முக்கியம். ஹெட்லைட் முன்னால் 155 மீட்டர் வரை சாலையைத் தெளிவாகக் காட்ட வேண்டும். டிம் போட்டால் 8 மீட்டர் முன்னால், விளக்குக்கு அரை மீட்டர் வலப்புறம், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஒருவருக்குக் கூசக் கூடாது. அதாவது தூரம் தெரிய வேண்டும், எதிரே வருபவர் கண்ணைக் குத்தக் கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் தேறும்.

கடையில் தள்ளிவிடும் சரக்கில் பெரும்பாலானவை இதில் இரண்டாவதை உடைப்பவை. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 182ஏ பிரிவின் கீழ் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். “எஃப்.சி.க்குப் பழைய பல்பைப் போட்டுக் காட்டிட்டு, வந்ததும் எல்இடியை மாட்டிக்கலாம்” என்று யோசனை சொல்பவர்கள், வழியில் பிடிபட்டால் அந்த 5,000 ரூபாயைக் கட்ட வரமாட்டார்கள்.

எல்இடி ஏன் தேறாது என்பதைப் புரிந்துகொண்டால் கடைக்காரர் பேச்சில் மயங்கமாட்டீர்கள். பழைய கார்களில் பெரும்பாலும் இருப்பது எச்4 பல்பு, 60/55 வாட். அதில் டிம் இழைக்கு அடியில் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் உண்டு. அது கீழ்ப்பக்கம் போகும் ஒளியை மறைத்து, ரிஃப்ளெக்டரின் மேல்பாதிக்கு மட்டும் அனுப்பும். சுவரில் தெரியும் அந்த நேர்வெட்டுக் கோடு அதனால் வருவதுதான். எல்இடி பல்பில் ஒளி வரும் இடமும் அதன் வடிவமும் வேறு. ரிஃப்ளெக்டர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஒளி கண்டபடி சிதறும், பம்பருக்கு முன்னால் பத்துப் பதினைந்து அடி பளிச்சென்று இருக்கும், தூரம் இருட்டாகவே கிடக்கும். ஓட்டுபவருக்கு வெளிச்சம் கூடியதுபோல் தோன்றும். எதிரே வருபவருக்குக் கண் தெரியாது. எச்ஐடி (ஜெனான்) கிட்டும் இதே கதை. 100/90 வாட் பல்பு இன்னொரு விதமான ஆபத்து. பழைய ஒயரும் ஹோல்டரும் அந்தச் சூட்டைத் தாங்காமல் உருகும், ரிஃப்ளெக்டர் கறுக்கும். நீலச் சாயம் பூசிய பல்பை வாங்குவது பணம் கொடுத்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்வது.

மங்கலுக்கு உண்மையான காரணம்

பல்பு வாங்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். என்ஜின் ஓடட்டும், டிம் லைட் எரியட்டும். பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். 13.2க்குக் கீழே இருந்தால் குறை ஹெட்லைட்டில் இல்லை. ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் பாருங்கள்.

அது சரியாக இருந்தால், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் மற்றதைப் பல்பு ஹோல்டரில் பிளஸ் வரும் காலிலும் வையுங்கள். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். ஹோல்டரைக் கழற்றி அளந்தால் கரண்ட் ஓடாது, எல்லாம் நன்றாக இருப்பதுபோல் காட்டும். மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்துபோகும் வோல்ட். எர்த் பக்கமும் பேட்டரி மைனஸ்ஸோடு இதேபோல் அளங்கள். இரண்டும் சேர்த்து அரை வோல்ட்டுக்குள் இருந்தால் ஒயரிங் நன்றாக இருக்கிறது. ஒரு வோல்ட் தொலைந்தால் ஹாலஜன் பல்பின் வெளிச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். ஒன்றரை வோல்ட் தொலைந்தால் மூன்றில் ஒரு பங்கு. பல பழைய கார்களில் ஹெட்லைட்டின் முழுக் கரண்டும் ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்ச் வழியாகவே போகிறது. இருபது வருடப் பச்சை பிடித்த ஸ்விட்சில் இந்த இழப்பு ஆச்சரியமல்ல.

இழப்பு எர்த் பக்கம் என்றால், பாடியில் எர்த் திருகிய இடத்தை உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கி இறுக்கினாலே பாதி வேலை முடியும். பிளஸ் பக்கம் என்றால் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) போட வேண்டும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 4 சதுர மி.மீ. ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ரிலே ஒவ்வொன்றுக்கும் 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30ஆம் காலுக்கு. 87ஆம் காலிலிருந்து 2.5 சதுர மி.மீ. ஒயர் பல்புக்கு. பழைய ஹெட்லைட் ஒயர் இனி 85, 86 கால்களை மட்டும் இயக்கும், ஸ்விட்சும் சூடாகாது. ஹோல்டரைப் பீங்கானில் வாங்குங்கள். பல்பு அதே 60/55தான். மாறியதெல்லாம் அதற்கு உரிய வோல்ட் போய்ச் சேருவது. பரிசோதனையில் பார்க்கும் ஒளிக்கற்றையின் வடிவம் மாறவே இல்லை. ஆனால் ஒயரைத் தொங்கவிட்டால் அதைச் சொல்லியே நிறுத்துவார்கள். குழாய் உறைக்குள் போட்டு, பழைய ஒயரிங்கோடு சேர்த்துக் கட்டுங்கள்.

சில கார்களில் ஸ்விட்ச் பிளஸ்ஸை அல்ல, எர்த்தைத் துண்டித்து இணைக்கும். அதில் கடையில் கிடைக்கும் ரெடிமேட் செட்டை அப்படியே மாட்டினால் லைட் எரியாது, அல்லது டேஷ்போர்டில் பிரைட் விளக்கு தவறாக எரியும். எது உங்கள் வண்டி என்று எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்த்துச் சொன்ன பிறகு வாங்குங்கள்.

வோல்ட் சரி, இன்னும் மங்கல் என்றால் டூமை (ரிஃப்ளெக்டரும் முன்கண்ணாடியும் சேர்ந்த கூட்டை) பாருங்கள். ரிஃப்ளெக்டரில் பூச்சு உரிந்தோ துருப்பிடித்தோ இருந்தால் பாலிஷ் போட்டு மீட்க முடியாது, முழு டூமையும் மாற்ற வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சாலையின் வலப்புறம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்த டூம்களும் சந்தையில் வருகின்றன. அவற்றின் டிம் ஒளி வலப்பக்கம் மேலேறும், அதாவது எதிரே வருபவர் முகத்துக்கு நேராக. எந்தத் திருகைத் திருகியும் இதைச் சரிசெய்ய முடியாது. வட்டத்துக்குள் ஆங்கில ‘E’ முத்திரை உள்ள கண்ணாடியில், முன்னால் நின்று பார்க்கும்போது உங்கள் வலக்கைப் பக்கம் காட்டும் அம்புக்குறி இருந்தால் அது இடப்புறம் ஓட்டும் நம் சாலைக்கானது. அம்பே இல்லையென்றால் வாங்காதீர்கள்.

மஞ்சளடித்த பிளாஸ்டிக் கண்ணாடியை மீட்கலாம். 1000, 1500, 2000, 3000 என்று நீர் உப்புத்தாளை வரிசையாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் புற ஊதாவைத் தடுக்கும் தெளிவான கோட்டிங் அடிக்க வேண்டும். சாலையோரம் பற்பசை தேய்த்துப் பளபளப்பாக்கித் தருபவர்கள் இந்தக் கடைசி வேலையைச் செய்வதில்லை. சில மாதத்தில் மஞ்சள் திரும்பிவிடும்.

ஃபோகஸ்

புதுப் பல்பு, நல்ல ஒயரிங், எல்லாம் இருந்தும் ஃபோகஸ் தப்பி நிற்கும் வண்டிகள் ஏராளம். எச்4 பல்பில் மூன்று காதுகள் உண்டு, ஒரே ஒரு வாக்கில்தான் உட்காரும். அவசரத்தில் கோணலாக அழுத்தி கிளிப்பைப் போட்டால் ஒளி சாய்ந்துதான் விழும். முதலில் அதைப் பாருங்கள்.

பிறகு டயரில் காற்று சரியாக வைத்து, டிக்கியைக் காலிசெய்து, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து, சமதரையில் சுவருக்கு நேராக, விளக்கிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். உள்ளே விளக்கு உயரம் மாற்றும் குமிழ் இருந்தால் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் குறித்து, அதற்கு 10 செ.மீ. கீழே ஒரு கோடு போடுங்கள். டிம்மின் வெட்டுக் கோடு அதில் உட்கார வேண்டும், இடப்பக்கம் மட்டும் மேலேறலாம். இடமில்லையென்றால் 5 மீட்டரில் 5 செ.மீ. ஒரு விளக்கைத் துணியால் மூடி ஒரு நிமிடத்தில் மற்றதைச் சரிசெய்யுங்கள். பிளாஸ்டிக் கண்ணாடியில் துணியை விட்டுவைத்தால் சூட்டில் கெடும்.

அன்றைக்கு அலுவலகத்தில்

ஒரு மாற்று பல்பும் ஃபியூஸும் எடுத்துப் போங்கள். நம்பர் பிளேட் லைட், பார்க்கிங் லைட், இண்டிகேட்டர், பிரேக், ரிவர்ஸ் எல்லாம் எரிகிறதா என்று காலையிலேயே பாருங்கள். ஹெட்லைட்டில் ஜெயித்து நம்பர் பிளேட் லைட்டில் தோற்றால் மறுபடி ஒரு நாள் லீவு. லைட் பார்க்கும்போது என்ஜின் ஓட வேண்டும். சாவியைப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு டீக்கடையில் நிற்காதீர்கள். என்ன பார்த்தார்கள், என்ன சொன்னார்கள் என்பது உங்கள் காதில் நேராக விழ வேண்டும். இல்லாத குறைக்குப் பணம் போவது அங்கேதான்.

பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) “லைட் சரியில்லை” என்றால், எந்த விளக்கு, டிம்மா பிரைட்டா, வெளிச்சக் குறையா ஃபோகஸ் தவறா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. இயந்திரத்தில் சோதித்திருந்தால் அளவு காட்டும் அறிக்கையைக் கேளுங்கள். வாய்வார்த்தையோடு திரும்பி வருவதால்தான் இரண்டாம் முறை வேறு குறை முளைக்கிறது.

சட்டத்தின் 45ஆம் பிரிவைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் குறை இருக்கிறது, விதிக்கு ஒத்துவரவில்லை என்று புதுப்பிக்க மறுத்தால், மறுத்த உத்தரவின் நகலையும் அதற்கான காரணத்தையும் விண்ணப்பித்தவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது அது. “அதெல்லாம் எழுதித் தரமாட்டோம்” என்றால், 45ஆம் பிரிவின்படி காரணத்துடன் உத்தரவு வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி, தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியும் முத்திரையும் போட்டு வாங்குங்கள். கவுன்ட்டரில் வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். விண்ணப்ப எண்ணையும் கட்டணம் கட்டிய தேதியையும் அதில் எழுதுங்கள். தாமதம் யாரால் வந்தது என்ற கேள்வி பிறகு எழுந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

உத்தரவு கையில் வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் 57ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். எந்த அதிகாரியிடம் என்று உத்தரவில் இல்லையென்றால் அதையும் எழுதிக் கேளுங்கள். மனுவோடு பல்பு வாங்கிய பில், சுவரில் விழும் ஒளிக்கோட்டின் தேதியிட்ட புகைப்படம், பரிசோதனை அறிக்கை இருந்தால் அதன் நகல் மூன்றையும் இணையுங்கள். மேல்முறையீட்டில் இருக்கும் வண்டி பதிவு புதுப்பிக்கப்பட்ட வண்டி ஆகிவிடாது. பதிவுத் தேதி முடிந்திருந்தால் உத்தரவு வரும் வரை அதைச் சாலையில் எடுக்காதீர்கள்.